மேனேஜர் பறிச்ச காளான்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் சுகம்னு மறுபடி எழுதாதே, நம்ப மாட்டேன்.

எங்க லேப்ல ஆஸ்பத்திரிக் கழிவுநீரை ஊத்திக் காளான் வளர்க்கிறோம். அது அந்தத் தண்ணியில கலந்திருக்கிற புற்றுநோய் மருந்தை உடைச்சு, அதுல இருக்கிற பிளாட்டினத்தைத் தன் உடம்புலயே சேர்த்து வச்சுக்கும். நேத்து எங்க மேனேஜர் அதைப் பறிச்சு, வறுத்துத் தின்னப் பையில போட்டுக்கிட்டார். 'தொடாதீர்கள்'னு போர்டு மாட்டினதே அந்த மகராசன்தான்! பையைப் பிடுங்கிக்கிட்டுக் கத்தினேன். "ஒரு பிடி காளானுக்கா இந்த ஆட்டம்?"னு சிரிக்கிறார்.

அந்தக் கத்தல்ல பாதி உனக்கு வர வேண்டியது. அதே மருந்துதான் ஆறு மாசமா உனக்கும் ஏறுதாம். அதைத் தம்பி சொல்லியா நான் தெரிஞ்சுக்கணும்? காளானை அரைச்சு வச்சா, உள்ளே என்ன இருக்குன்னு மெஷின் சொல்லிடும். உன்னை என்ன பண்றது?

அடுத்த தடவை மருந்து ஏத்திக்கத் தனியா பஸ்ல போகாதே. என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கோ. லேபுக்குப் போற வேன் வந்துடுச்சு.

இன்னும் கோபம் தீராத,
உன் மூத்த மக.