வன்னியா, சீமைக்கருவேலா

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. முழங்கால் நேற்றைவிடப் பரவாயில்லை.

பத்து மணிக்குக் கஸ்தூரி வந்தாள். நம் மேட்டுப் புஞ்சையில் குழி தோண்டும் தொல்லியல் குழுவில், பழைய விதை, உமி, கரி இவற்றை ஆராய்பவள். அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துப் பெண், நாற்பதைத் தாண்டியிருப்பாள். செருப்பை ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் படியேறுவாள். எழுத்து அச்சுப் போல இருக்கும். அதனால்தான் உள்ளே உட்காரச் சொல்கிறேன்.

நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டியவை என்று ஒரு படிவம் கொண்டுவந்திருந்தாள். கிணறு வெட்டியதுண்டா, உரக்குழி இருந்ததா என்று வரிசையாகக் கேட்டு வந்தவள், "இந்த நிலத்துல எப்பவாச்சும் கரிமூட்டம் போட்டாங்களாம்மா?" என்றாள்.

"நாங்கள் கரி சுடுகிற குடும்பம் இல்லை" என்றேன்.

'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 12

நான் பொய் சொல்லவில்லை. அவள் கேட்டது நிலத்தைப் பற்றி. நான் சொன்னது குடும்பத்தைப் பற்றி.

பிப்ரவரி 13

கன்னியாஸ்திரிகளிடம் படித்தபோது, பொய் சொன்னால் ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்க வேண்டும். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பதில் சொன்னால் இரண்டு மணி நேரம்.

இதை எதற்கு இப்போது எழுதுகிறேன்?

பிப்ரவரி 15, சனி

குடை பிடித்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். வடகோடிக் குழியில், நாலடி ஆழத்தில், உடைந்த தாழி ஓடுகளுக்குப் பக்கத்தில் கரித்துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கஸ்தூரி குப்புறப் படுத்து ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் வைத்துக்கொண்டிருந்தாள். கை படக்கூடாதாம்.

"வன்னிக் கரி மாதிரி இருக்கும்மா! இந்த மண்ணோட பழைய மரம்!" முகமெல்லாம் மண், வாயெல்லாம் பல்.

வன்னியும் சீமைக்கருவேலும் ஒரே இனத்து மரங்கள், கரியான பிறகு உருப்பெருக்கியில் பார்த்தாலும் பிரித்துச் சொல்வது கடினம் என்று அவளே சொன்னாள். "ஆனா சீமைக்கருவேல் நேத்து வந்த வெளிநாட்டு மரம். அதோட கரி நாலடிக்குக் கீழ எப்படிம்மா வரும்?"

வெடிப்பு வழியாக வரும். கோடையில் கரிசல் பிளந்தால் நாலடிக் கம்பே உள்ளே போய்விடும். மேலே கிடப்பதையெல்லாம் விழுங்கும். அருப்புக்கோட்டைக்காரிக்கு இது தெரியாதா? தெரியும். மேலே கரியே கிடையாது என்றல்லவா படிவத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

வயது காண இந்த ஆண்டு இரண்டே மாதிரிகள்தான் அமெரிக்காவுக்கு அனுப்பலாம். இரண்டையும் இந்தக் குழியிலிருந்தே எடுத்திருக்கிறாள். வயது சரியாக வந்தால் அடுத்த ஆண்டும் தோண்டலாம். வராவிட்டால் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். மூன்று வருஷம் மனுப்போட்டு வாங்கிய இடம்.

வயது எப்படிக் காண்பார்கள் என்று கேட்டேன். செடி கொடி உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்த பிறகு, அதில் ஒரு வகைக் கரி மட்டும் மெல்ல மெல்லக் குறையும். மிச்சத்தை அளந்து, 'இன்றைக்கு' இத்தனை ஆண்டு முன்பு என்பார்கள். அந்த 'இன்று' எது தெரியுமா? 1950. உலகம் முழுக்க அப்படித்தான் வழக்கமாம்.

நான் பிறந்த ஆண்டு. ஆக, என் ஆயுளில் நடந்த எதுவும் இவர்கள் கணக்கில் இன்னும் நடக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அது ஆறுதலாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 16

எண்பத்து மூன்றாம் வருஷம். இரண்டு வருஷமாக மழை இல்லை. பருத்தி முளைக்கவே இல்லை. மாடுகள் போயின. மேட்டுப் புஞ்சை முழுக்கச் சீமைக்கருவேல் மட்டும் காடாக நின்றது. என் கணவர் அதை வெட்டி மூட்டம் போட்டார். விறகை அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் கொண்டு மூடி, உள்ளே தீயை வைத்து நாள்கணக்கில் புழுங்க விடுவது. ஊரில் யார் யாரோ செய்தார்கள். நாங்கள் செய்யலாமா?

"என் கண்ணில் படக்கூடாது" என்றேன். படவில்லை. இரண்டு வருஷம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு வருஷமும் அவருக்குக் கொல்லைத் தாழ்வாரத்தில்தான் தட்டு வைத்தேன். குளித்துவிட்டுத்தான் வருவார், ஆனாலும் நகக்கண்ணில் கருப்பு இருக்கும். அந்தக் கரிக்காசில்தான் பிள்ளைகள் விடுதியில் இருந்து படித்தார்கள். நானும் அந்தச் சோற்றைத்தான் தின்றேன், நடு வீட்டில் உட்கார்ந்து.

ஏன் இங்கே வைக்கிறாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை கேட்டுத் தொலைச்சிருக்கலாமே!

அவர் போய்ப் பதினோரு வருஷம்.

பிப்ரவரி 19

நரிக்குடியிலிருந்து நாத்தனார் முருகலட்சுமி போனில் வந்தாள். குழி தோண்டும் செய்தி அங்கேயும் போயிருக்கிறது.

"மதினி, கரியப் பத்தி மட்டும் வாயத் தொறந்துறாதீக. அண்ணன் பேரு பேப்பர்ல வர்ற நேரத்துல கரிக்காரன்னா வரணும்?"

"நான் ஏன் சொல்லப்போகிறேன்" என்றேன்.

"அதான, நீங்களாவது சொல்றதாவது. அன்னைக்கே அண்ணன வீட்டுக்குள்ள விடாத ஆளாச்சே."

பாராட்டாகத்தான் சொன்னாள். வைத்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. வெந்நீரை அடுப்பில் வைத்து மறந்து, பாத்திரம் கருகிப்போயிற்று.

பிப்ரவரி 20

கஸ்தூரியின் எண்ணை மூன்று தடவை அழுத்தி, மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். நாலாவது தடவை எடுத்துவிட்டாள். தண்ணீர் லாரி வந்ததா என்று கேட்டேன். அவளுக்கு எப்படித் தெரியும்? இருந்தும், "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

திங்கட்கிழமை மாதிரிகளை அனுப்புகிறாள். குழியருகே போய், மூட்டம் போட்டதைச் சொல்லிவிட்டேன். நாற்காலி போட்டார்கள், நின்றுகொண்டே சொன்னேன்.

பழைய படிவத்தை எடுத்து, தான் எழுதியிருந்த 'இல்லை'யை அடித்தாள். பிறகு, "எந்த எடத்துலம்மா போட்டாங்க?"

"தெரியாது."

"உங்க நிலம்தானம்மா இது?"

"நான் வந்து பார்த்ததில்லை."

முதலில் சொன்னதைவிட இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தெரிந்தவள் ஒருத்திதான் மிச்சம். கூட நின்று மூட்டம் போட்ட வெள்ளைத்தாய். பாளையம்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறாளாம்.

பிப்ரவரி 22, சனி

காலை பஸ்ஸில் போனேன். கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

"யாரு, மேலவீட்டம்மாவா? பஸ்ஸு மாறி ஏறிட்டீகளா?"

மூட்டம் எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"நாப்பது வருசம் செண்டு கேக்கீக. அன்னைக்குக் கேட்டிருந்தா ஐயாவே கையப் பிடிச்சிக் கூட்டிப் போயிக் காட்டியிருப்பாக. புகை வெள்ளையா வந்தா வேகுதும்பாக. நீலமா வந்தா, எந்திரி வெள்ளைத்தாயி, மண்ணப் போடும்பாக. எங்க வீட்டு ஆளுக்குக்கூட அந்தக் கணிப்பு வராது."

"குளித்துவிட்டுத்தான் வருவார்" என்றேன். ஏன் அதைச் சொன்னேனோ.

"ஆமா, கரிவாடை உங்களுக்கு ஆகாதும்பாக. கம்மாயில ஏது தண்ணி அந்த வருசம்? என் குடத்துத் தண்ணியிலதான் குளிச்சாக. எனக்குக் குடிக்க மிச்சம் வையுங்க ஐயான்னு கத்துவேன்."

காபி கொடுத்தாள். குடித்தேன். சர்க்கரை அதிகம். சொல்லவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆட்டோ வைத்து வெள்ளைத்தாயை மேட்டுக்குக் கூட்டிவந்தேன். கோலப்பொடியால் நாலு வட்டம் போட்டாள். மூன்றாவது வட்டம் கஸ்தூரியின் குழி விளிம்பைத் தொட்டது.

அலுமினியப் பொட்டலத்தைக் காட்டியதும், "இந்த இத்துனூண்டு கரியவா அமெரிக்காவுக்கு அனுப்பப் போனீக? சொல்லியிருந்தா லோடு ஏத்திவிட்டிருப்பமே!" என்றாள். கஸ்தூரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளைத்தாய் போன பிறகு, கோபமா என்று கேட்டேன்.

"கோவந்தாம்மா. பன்னெண்டு நாளு வீணாப் போச்சு." பொட்டலத்தை மடித்துத் தனியாக வைத்தாள். "தென்கோடிக் குழியில மிதிச்சுக் கெட்டிச்ச தரை ஒண்ணு இருக்கு. வெடிப்பே இல்ல. அதுக்குக் கீழ பாத்துட்டு அனுப்புறேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் நின்றேன். கேட்காமலே குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 4

தரைக்கு அடியில் கருகிய சாமை. கடுகளவுதான் ஒவ்வொன்றும். மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் மேலே மிதந்து வருகிறது. இரண்டு மாதிரிகளும் அதிலிருந்து போயின.

ஏப்ரல் 30

ஒன்றும் வரவில்லை. கஸ்தூரி மதுரையில். அவளிடம் கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை?

ஜூன் 26, வியாழன்

வந்துவிட்டது. 'இன்றைக்கு' இரண்டாயிரத்து நூறு ஆண்டு முன்பு. முப்பது கூடலாம், குறையலாம். இன்னும் திருத்தம் உண்டு என்றாள். நான் எழுபத்தைந்து சேர்த்துக்கொண்டேன். அடுத்த ஆண்டுக்கும் அனுமதி கிடைக்குமாம். சந்தோஷத்தில், தன் வீட்டுப் பேச்சான தெலுங்கில் என்னவோ சொல்லிவிட்டு வைத்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

அறிக்கையின் நகலைத் திருத்தித் தரச் சொல்லிக் கஸ்தூரி அனுப்பியிருந்தாள். முதல் நாலு பக்கத்தில் ஒற்றுப்பிழை ஏழு. ஐந்தாம் பக்கத்தில் இப்படி: 'நிலத்தின் வடகோடியில் அண்மைக்காலக் கரிமூட்டத் தடயங்கள் உள்ளன. போட்டவர் விவரம் தெரியவில்லை.'

எனக்காக எழுதியிருக்கிறாள். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். திரும்ப வந்து அந்தக் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு எழுதினேன்: 'மூட்டம் போட்டவர்கள் நில உரிமையாளர் பூமிநாதன், வெள்ளைத்தாய். 1983 முதல் 1985 வரை.'

கஸ்தூரி கூப்பிட்டாள். "இது அச்சுல வரும்மா. நல்லா யோசிச்சீங்களா?"

பெயரில் பிழை இல்லாமல் போடச் சொன்னேன்.

முருகலட்சுமிக்கு நானே போன் செய்து படித்துக் காட்டினேன். பாதியில் வைத்துவிட்டாள். மீதியையும் படித்து முடித்துவிட்டுத்தான் நான் வைத்தேன்.