பிளிமத் ரிப்பேர்

21-1-74, திங்கள்

பட்டறைக்கு எதிர்ச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான் ஒருவன். ரிஷபதாஸ் நயினாரின் ஐந்து கார்களும் ஏலத்துக்கு வருகின்றன. பிப்ரவரி ஒன்பதாம் தேதி, காலை பத்து மணி, அவர் வீட்டுக் கார் கொட்டகையில். மெட்ராஸிலிருந்து ஏலக்காரர் வருகிறாராம். கையெல்லாம் கிரீஸ். துடைக்காமலே போய் இரண்டு தடவை படித்தேன்.

பட்டு நூல் வியாபாரத்தில் பலத்த அடி என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. தறிக்காரர்கள் நூல் வாங்க வருவதில்லை. பெட்ரோலோ ஒரே வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்காவது ஒரு ஜமீன் நொடித்தால் போதும், அடுத்த வாரம் அவர்கள் வண்டி இந்த மனுஷன் கொட்டகையில் நிற்கும். இப்போது இவர் முறை. நன்றாக இருக்கட்டும்.

வீட்டில் கங்கா கேட்டாள், "இன்னா, தனியா சிரிச்சிக்கினு இருக்கிற?" பதின்மூன்று வருஷமாக என்னோடு குடித்தனம் செய்கிறவள், நான் சிரித்தால் பயப்படுகிறாள்.

23-1-74

மறுபடி போய்ப் பார்த்தேன். நான்காவது பெயர் பிளிமத். ஓப்பன் கார்.

27-1-74, ஞாயிறு

கோயிலில் பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். நான் பிளிமத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதியே விடுகிறேன். ஒரு தடவைதான்.

அறுபத்தொன்று, மே மாதம், எங்கள் கல்யாணம். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் ஊர்வலத்துக்கு நயினாரின் பிளிமத்தைத்தான் கேட்பார்கள். கூரையை மடக்கிவிட்டு மாப்பிள்ளையைப் பின்னால் உயரமாக உட்கார வைத்தால் தெருவே வாய் பிளக்கும். வாடகை கிடையாது, பெருமைக்குக் கொடுப்பார். செட்டியாருக்குக் கொடுத்தார். முதலியாருக்குக் கொடுத்தார். வாலாஜாபாத்திலிருந்து வந்த யாரோ ஒரு ஆபீசருக்குக் கொடுத்தார். ஒன்பது வருஷமாக அந்த வண்டிக்கு நான்தான் மெக்கானிக். போய்க் கேட்டேன்.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வண்டி ரிப்பேர்பா யேசு" என்றார்.

யாரிடம் சொல்கிறார்? அன்று காலை அந்த வண்டிக்குக் கிளட்ச் பிளேட் மாற்றி, ராஜவீதி வரைக்கும் ஓட்டிப் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்தியவனிடம்! சாவி என் கையிலேயே இருந்தது. "சரிங்க நயினாரே" என்று சொல்லி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். சரிங்களாம். தூ.

எங்கப்பா அவர் நிலத்தில் நாற்றுக் கட்டு சுமந்தவர். ஓரிக்கைக் காலனிக்காரன் மகன் ராஜவீதியில் உயரமாக உட்கார்ந்து போகக் கூடாது. அதுதான் அந்த ரிப்பேர். கங்காவை ஓட்டை ரிக்ஷாவில் கூட்டிக்கொண்டு வந்தேன். அதிலிருந்த ஆணி மாட்டி அவள் கல்யாணப் புடவை ஒரு முழம் கிழிந்தது.

2-2-74

ஒரு வாரமாக ஆலோசனை கேட்க வருகிறார்கள். பழைய இரும்பு வியாபாரி வந்தான். கொட்டகையில் டயரை எட்டி உதைத்துப் பார்த்துவிட்டு வந்து "இன்ஜின் எப்டி?" என்கிறான். மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் கூலிங் கிளாஸோடு வந்தார்கள். பழைய கார் சேர்ப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்காம். பழைய கார்களுக்குச் சங்கம் கூட வைத்திருக்கிறார்களாம். வேலைவெட்டி இல்லாதவர்கள். பிளிமத் கேலனுக்கு எத்தனை மைல் போகும் என்று கேட்டார்கள். "எட்டு. இறக்கத்துல பத்து" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இவர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஊர்வல வண்டிக்கு எதற்கடா மைல் கணக்கு? கோயிலிலிருந்து சத்திரம் வரை, நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போகிற வண்டி. ஒரு கல்யாணத்துக்கு ஒரு லிட்டர் கூடக் குடிக்காது.

தோன்றக்கூடிய ஆள் ஒருவன்தான். கோதண்டபாணி. பந்தல், லைட், பேண்டு செட் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். அவன் இன்னும் வரவில்லை.

4-2-74

வந்துவிட்டான்.

"யேசு, அந்த பிளிமத் எப்டிப்பா இருக்குது? நீ சொன்னா சரி."

"ரிப்பேர்" என்றேன்.

"இன்னா ரிப்பேர்?"

"பெரிய ரிப்பேர். உள்ள எல்லாம் போயிடுச்சு."

"நல்ல வேளை கேட்டேன்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான், முட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு இன்ஜினைப் பற்றியும் நான் பொய் சொன்னதில்லை. இன்று சொன்னேன். கொஞ்சம் உறுத்துகிறது. உறுத்தட்டும்.

6-2-74

கூரைக்கு ஓடு மாற்ற வைத்திருந்த பணத்தைக் கங்காவிடம் கேட்டேன். "மழ வந்தா உன் காருக்குள்ள படுத்துக்கலாமா?" என்றாள். வைகாசிக்குள் வாடகையில் எடுத்துவிடலாம் என்றேன். தகர டப்பாவை என் முன்னால் டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

9-2-74, சனி

இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை.

இருநூறு பேர் கூட்டம். வாங்க வந்தவன் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். மற்றவன் எல்லாம் நயினார் முகத்தைப் பார்க்க வந்தவன், அவர் வீட்டு மோரையும் குடித்துவிட்டு. நயினார் கொட்டகை ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை ஸ்ரீபாலன் அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேட்டியைச் சரியாகக் கட்டவும் வரவில்லை, ஏலத்தை நடத்தவும் வரவில்லை.

முதலில் பேக்கார்டு. ஏலக்காரர் எட்டாயிரத்தில் ஆரம்பித்தார். சத்தமே இல்லை. ஐந்து, நான்கு, இரண்டு என்று அவரே இறங்கி வந்தார். கடைசியில் ஆயிரத்து நூறு! இரண்டு முகூர்த்தப் புடவை விலை. ப்யூக்கை இரும்பு வியாபாரி தொள்ளாயிரத்துக்கு எடுத்தான், உடைத்து எடைக்குப் போட. அந்த இன்ஜினை நான் மூன்று முறை பிரித்துக் கோத்திருக்கிறேன். எடைக்காம்! ஆனால் மூலையில் கோழி அடைத்து வைத்திருந்த ஓட்டை ஹில்மனுக்கு மூவாயிரத்து இருநூறு வரை அடித்துக்கொண்டார்கள். பெட்ரோல் குறைவாகக் குடிக்குமாம். கூலிங் கிளாஸ்காரர்கள் ஐந்நூறுக்கு மேல் எதற்கும் வாயைத் திறக்கவில்லை. பொழுதுபோக்குக்கு அவ்வளவுதான் பொறுக்கும் போல.

நான்காவது பிளிமத். ஐயாயிரம் என்றார், மூவாயிரம் என்றார். "ரிப்பேராமே" என்று யாரோ சொன்னான். "யேசுதாஸே சொன்னாரு" என்றான் கோதண்டபாணி, எல்லோருக்கும் கேட்கும்படி. அப்போது நயினார் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நல்ல வண்டி என்று. ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் தரையைப் பார்த்தார்.

"ஆயிரத்துக்காவது யாராச்சும்?" என்றார் ஏலக்காரர்.

"அறுநூறு" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை.

ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்.

சாவியை அதே ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தான் ஸ்ரீபாலன். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. கோதண்டபாணியின் முகத்தைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

10-2-74, ஞாயிறு

"வா, நாலு ராஜவீதியும் சுத்திட்டு வரலாம்" என்றேன் கங்காவிடம். "அன்னிக்கு ஆச இருந்துது. இன்னிக்கு முட்டி வலிதான் இருக்குது. போய்யா" என்றாள். அவளுக்காக வாங்கினேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.

18-3-74

ஒருவனும் கேட்டு வரவில்லை.

25-4-74

சித்திரை முகூர்த்தத்தில் ஊரெல்லாம் கல்யாணம். என் வண்டிக்கு மட்டும் மாப்பிள்ளை கிடையாது. இன்று தென்னேரியிலிருந்து ஒருவர் ஊர்வலத்துக்குக் கார் விசாரித்துக்கொண்டு வந்தார். வண்டியைச் சுற்றி வந்து தொட்டெல்லாம் பார்த்தார். பிறகு, "வழியில நின்னுட்டா அபசகுனம் பாருங்க. பெரிய ரிப்பேர்னு பேசிக்கிறாங்களே" என்றார்.

"யாரு பேசிக்கிறாங்க?"

"யேசுதாஸ்னு ஒரு மெக்கானிக், அவரே சொன்னாராம்."

அவரை உட்கார வைத்து இன்ஜினைப் போட்டுக் காட்டினேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மாட்டு வண்டிக்குச் சொல்லப் போனார். கோதண்டபாணியை முட்டாள் என்று எழுதியிருக்கிறேன், பிப்ரவரி நான்காம் தேதி. மேலே புரட்டிப் பார்த்தேன். அடித்துவிட்டு என் பெயரை எழுதலாம்.

11-5-74

கோடை மழை. இரண்டு இடத்தில் ஒழுகிற்று. கங்கா ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தை வைத்தாள். திட்டியிருக்கலாம்.

19-5-74, ஞாயிறு

நயினார் வந்தார். நடந்து. ஹில்மன் கூட இல்லையே, வேறு எப்படி வருவார்?

உட்கார ஸ்டூல் போட்டேன். போட்டது எனக்கே பிடிக்கவில்லை. பேத்தி இந்திராவுக்குக் கல்யாணமாம், ஜூன் ஆறாம் தேதி. முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பு. "வண்டி வேணும்பா யேசு" என்றார்.

பதின்மூன்று வருஷம். எத்தனை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்! நிதானமாக, தலையைத் தூக்காமல், ஸ்பானரைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்றுகூட வைத்திருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவரே சொன்னார்:

"ஊரெல்லாம் ரிப்பேர்னு சொல்லுது. ஸ்ரீபாலன்கூட வேணாம்னான். அந்த வண்டி ரிப்பேர்னா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியும்பா. மொதல்ல சொன்னவன் நான்தானே."

போச்சு. என்னிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான், அதையும் பிடுங்கிக்கொண்டு விட்டார். ஏலத்தன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தாராம். அது தர்மமா, பயமா, என்ன எழவு அது? நான் கேட்கவில்லை.

"வாடகை உண்டு" என்றேன்.

"குடுக்கிறேன்."

"நான்தான் ஓட்டுவேன். முன் சீட்டில என் சம்சாரம் உக்காருவா. நாலு ராஜவீதியும் சுத்தணும்."

நயினார் பிளிமத்தைப் பார்த்தார். காலனிப் பெண்பிள்ளை மாப்பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து போவதைச் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் என்று கணக்குப் போட்டார் போல. போடட்டும்.

"உக்காரட்டும்" என்றார்.

20-5-74

கங்கா மாட்டேன் என்றாள். "கல்யாணம் அவங்களுது. நான் இன்னா பொம்மையா?" நான் கத்தினேன். கிழிந்த புடவையைப் பற்றிக் கத்தினேன். "அத இன்னுமா நெனச்சிக்கினு இருக்கிற?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பிறகு, "சரி, வரேன்" என்றாள்.

5-6-74, புதன்

நயினார் வீட்டார் ஜைனர்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதனால் ஊர்வலம் நான்கு மணிக்கே. நல்ல வெளிச்சம். ஒளிய இடமில்லை, அவருக்கும் எங்களுக்கும்.

பெண் வீட்டுப் பெரியவர்கள் வண்டிக்கு முன்னால் நடந்து போக வேண்டும், அது முறை. நயினார் நடந்தார். நான் முதல் கியரில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கங்கா பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பின்னால் உயரத்தில், மூக்கு வரைக்கும் மாலை. சாலையோரம் நின்றவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று ஹாரன் அடித்தேன்.

மூன்றாவது வீதியில் கிழவர் தள்ளாடினார். எழுபத்திரண்டு வயது, வெயில். ஒரு கையை பானட்டில் ஊன்றிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று எழுதலாம், இது என் டைரி, பொய் எதற்கு?

"நிறுத்து" என்றாள் கங்கா.

முறைத்தேன்.

"இன்னா மொறைக்கிற? நடுத்தெருவில மனுஷன் உழணுமா?" என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, எட்டிக் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுங்க நயினாரே. எடம் இருக்குது."

இருக்கிறதுதான். கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருப்பதால் முன் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நயினார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்பந்தி வீட்டாரைப் பார்த்தார். ஸ்ரீபாலன் ஓடி வந்தான். நாதஸ்வரம் நின்றுவிட்டது. பிறகு ஏறி, கங்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மேல் துண்டை மடியில் வைத்துக்கொண்டார். ஊரே பார்த்தது.

கொஞ்ச தூரம் போனதும், "கிளட்ச் நல்லா இருக்குது" என்றார், நேராகப் பார்த்துக்கொண்டு.

"அறுபத்தொண்ணுலயும் நல்லாதான் இருந்துது" என்றேன்.

"ஆமாம்பா. நல்லாதான் இருந்துது."

என் கண்ணைத் தண்ணீர் மறைத்தது. கங்கா என் தொடையில் கிள்ளினாள். "ரோட்டப் பாருய்யா. மாப்பிள்ள கீழ உழப் போறாரு."

நான்காவது வீதியையும் சுற்றினோம்.

7-6-74

காலையில் கோதண்டபாணி வந்தான். இந்த மாதத்திலேயே மூன்று கல்யாணத்துக்கு வண்டி வேண்டுமாம். நாட்களைக் குறித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

"பெரிய ரிப்பேர்னு சொன்னியேப்பா" என்றான்.

"ஆமா, பெரிய ரிப்பேர்தான்" என்றேன். "செஞ்சிட்டேன்."