கட்டியின் ஓரத்தில் ஒரு புடைப்பு

மார்ச் 4
அத்தானின் ஸ்கேன் வந்தது. மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. புற்றுநோய் மாதிரி இல்லை. மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம். அக்கா போனில், "நீ ஒரு தடவை பாத்துட்டா எனக்குப் போதும்டா" என்றாள். தம்பி ஸ்கேன் படிக்கிற டாக்டர் என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

மார்ச் 5
எனக்குக் கீழே வேலை பார்க்கும் டாக்டரம்மாவுக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எதையும் பெரிதாக்கித்தான் பார்ப்பாள். இன்று அத்தானின் படத்தோடு வந்து நின்றாள்.

"சார், கட்டி ஓரத்துல இந்தப் புடைப்பு ரத்தக்குழாயோடதா இருக்குமோன்னு தோணுது. ஆஞ்சியோ எடுத்துப் பாத்துடலாமே?"

ஐந்து பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "தூசி விழுந்தாக்கூட ஆஞ்சியோ கேப்பீங்களா டாக்டரம்மா? அதுவும் கட்டிதான். ரத்தக்குழாய் நார்மல்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். போட்டாள். சொந்தக்காரர் ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடக்கூடாது, விதி அப்படி.

மார்ச் 12
நாளை ஆபரேஷன். அத்தான், "மாப்ள, மூக்கு வழியா மூளையையும் சேத்து எடுத்துடப் போறாங்க" என்றார். "இருந்தாத்தானே எடுக்க" என்றேன். அக்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

மார்ச் 13
புடைப்பு வெடித்துவிட்டது. மேஜையிலேயே போய்விட்டார்.

மார்ச் 14
படத்தைத் திறந்தேன். கண்ணைக் குத்துகிறது. பட்டாணி அளவு. கட்டியைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிட்டேனா? நான் நிறுத்தினேன், சரி - அவள் நிறுத்தவில்லையே. ஐயோ, சொன்னாளே. படத்தோடு வந்து நின்று சொன்னாளே.

மார்ச் 20
அக்கா ரிப்போர்ட்டோடு வந்தாள். கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். "யாருடா இவ? கண்ணு அவிஞ்சு போச்சா இவளுக்கு? நீ படத்தைப் பாத்தியா இல்லையா?"

"ரிப்போர்ட்டைத்தான்க்கா பாத்தேன்."

வாய் கூசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 21
பூதக்கண்ணாடி காலையில் வணக்கம் சொன்னாள். நான் திரும்பவில்லை. அன்று சிரித்த ஐந்து பேருக்கும் எதுவும் ஞாபகம் இல்லையாம். மேலதிகாரி நான் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 28
அக்காவுக்குக் கோர்வையாக எழுத வராது. "புகாரை நீயே எழுதிக் குடுடா" என்றாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. 'அந்தப் புடைப்பு ரத்தக்குழாயுடையதாக இருக்குமோ என்று ஆஞ்சியோ எடுத்துப் பார்த்திருக்க வேண்டாமா?' என்ற இடத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இதைத்தான்டா நான் கேக்க நெனச்சேன்."

என் தலையைத் தடவிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். இதிலும் என் கையெழுத்து இல்லை.