வெள்ளிக்கிழமை மட்டும் தள்ளாத வேன்

ஹுன்னஸ்கிரிய
8.2.2025

சுகிர்தாவின் அப்பாவுக்கு,

நானும் மகளும் நலம். அவளுக்குக் கணக்கில் எண்பத்திரண்டு. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருவதால் எழுதுகிறேன்.

வேன் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஐந்தரை மணிப் பனியில் வெள்ளைப் புகை விடுகிறதே தவிர, எடுப்பதில்லை. தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் பிள்ளைகள்தான் தள்ளுகிறார்கள். பகலில் ஒரு குறையுமில்லை. புது பெட்டரி போட்டும் பயனில்லை. நான்கு நாள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டோம்.

"இன்னொரு தடவ லேட்டானா நாங்க வேற வேன் பார்த்துக்குறோம், தர்ஷனா" என்று, மகனை நம் வேனில் அனுப்பும் வடிவம்மா அக்கா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பதினான்கு பிள்ளைகள். இந்த ஓட்டம் போனால் வேனை விற்க வேண்டியதுதான். "பொம்பள ஓட்டுற வேன்ல யாரு பிள்ளைய ஏத்துவாங்க" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போனவருக்கு அந்தச் சந்தோஷத்தைத் தர எனக்கு விருப்பமில்லை. காரணத்தைச் சொல்லுங்கள்.

தர்ஷனா

அக்குறணை
11.2.2025

அன்புள்ள தர்ஷனா,

கராஜ் முதலாளி கடிதத்தைக் கண்டு, "என்ன முத்து, கோர்ட் நோட்டீஸா?" என்றார். "இல்ல நாநா, வைத்தியம் கேக்குறா" என்றேன்.

ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்தா? ஸ்டார்ட் ஆனபின் எஞ்சின் நடுங்குகிறதா? ஒரு காலையாவது ஒழுங்காக எடுத்ததுண்டா? அன்று என்ன செய்தாய்? ஒன்றையும் விடாமல் எழுது.

ஞாயிறு நான் வந்து பார்க்கட்டுமா?

அழகமுத்து

ஹுன்னஸ்கிரிய
14.2.2025

சுகிர்தாவின் அப்பாவுக்கு,

வர வேண்டாம். ஸ்டார்ட்டர் வேகமாகத்தான் சுற்றுகிறது. ஸ்டார்ட் ஆனபின் இரண்டு நிமிடம் நடுங்கும்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முதல் தடவையே எடுக்கும். இன்றும் எடுத்தது. வெள்ளியென்றால் சாவியைத் திருப்பிப் பிள்ளையார் பாட்டைப் போட்டுவிட்டு, இறங்கி, வேனுக்கு முன்னால் சூடம் கொளுத்தி, பிள்ளைகளுக்குத் திருநீறு பூசிய பிறகுதான் ஸ்டார்ட் செய்வேன். மற்ற நாளில் ஏறியதும் முறுக்குவேன். "தெனமும் சூடம் கொளுத்தும்மா, சாமி கோவிச்சுக்கிட்டாரு" என்கிறாள் உங்கள் மகள்.

தர்ஷனா

அக்குறணை
17.2.2025

அன்புள்ள தர்ஷனா,

சாமிக்குக் கோபமில்லை என்று மகளிடம் சொல். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. குளிரில் நான்கு ஹீட்டர் பிளக்கும் உள்ளே சூடாக்கினால்தான் பற்றும். சாவியைத் திருப்பியதும் அவை சூடேறத் தொடங்கும். சூடம் எரிந்து முடியும்வரை அவற்றுக்கு நேரம் கிடைக்கிறது; மற்ற நாளில் நீ கொடுப்பதில்லை. நடுக்கத்தைப் பார்த்தால் ஒன்றிரண்டு செத்தும் இருக்கும்.

ஒவ்வொரு பிளக்கின் வயரையும் கழற்றிவிட்டு, பெட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு பல்பு வழியாக அதன் தலையைத் தொடு. பல்பு எரியாவிட்டால் அது செத்தது. புதிதாக நான்கு அனுப்புகிறேன். பொறுமையாகக் கழற்று, உடைந்தால் பெரிய வேலை.

நான் வந்தால் அரைமணி நேரம். வரட்டுமா?

அழகமுத்து

ஹுன்னஸ்கிரிய
24.2.2025

சுகிர்தாவின் அப்பாவுக்கு,

இரண்டாவதும் மூன்றாவதும் செத்திருந்தன. சனிக்கிழமை நானே நான்கையும் மாற்றினேன். மூன்றாவது இறுகிப்போய் ஒன்றரை மணி நேரம் எடுத்தது; விரலில் தோல் போயிற்று.

இன்று திங்கள், நல்ல பனி. சாவியைத் திருப்பிப் பதினைந்து எண்ணினேன். முதல் தடவையே எடுத்தது. ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றோம், கேட்டே இன்னும் திறந்திருக்கவில்லை. வடிவம்மா அக்கா தன் தங்கச்சி மகளையும் சேர்க்கச் சொல்கிறார்.

ஆகவே வேனைப் பார்க்க நீங்கள் வர வேண்டியதில்லை. அந்தச் சாக்கு முடிந்தது. சும்மா வருவதென்றால் ஞாயிறு வாருங்கள்.

தர்ஷனா

அக்குறணை
27.2.2025

அன்புள்ள தர்ஷனா,

பொம்பளை ஓட்டுற வேன் என்று அன்று நான் சொன்னது பிழை. நேரில் சொல்ல வாய் வராது, அதனால் இதில் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். ஸ்பானர் பெட்டியை எடுத்து வரவில்லை.

அழகமுத்து