தவளை துப்பிய ஏரிநீர் குறித்து வெண்ணாவல் அரசி விடுத்த ஓலை

நீர் வளமும் நெறி வளமும் ஓங்குக. வெண்ணாவல் நாட்டு அரசி நீலமாதேவி, அலைவாய்க் கோட்டையில் வீற்றிருக்கும் கடற்காவலர், மாமன்னர் விடங்கசேனர் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் கலங்களும் நலம் குன்றாது வாழ்க.

தங்கள் கட்டளை கிடைத்தது. மரக்கலங்கள் வரவென்று தாங்கள் கடலிலிருந்து எம் ஏரிவரை வெட்டிய கால்வாயால் ஏரிநீர் உப்பாகவில்லை என்றும், ஆகவே வயல் மதகைத் திறக்க வேண்டும் என்றும், உப்பென்று பொய் உரைத்த தவளைக் கண்காணி ஆத்தியம்மையைக் கொலைத் தண்டனைக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதியுள்ளீர். அனைத்தையும் மறுக்கிறோம்.

எம் வழக்கத்தைக் கேட்டருள்க. விதைப்புக்கு முன் ஏரிநீரில் நனைத்த புழுவைத் தவளைகளுக்கு ஊட்டுவோம். அவை விழுங்கினால்தான் மதகு திறக்கும். இம்முறை பன்னிரண்டு தவளைகளும் புழுவைத் துப்பி, முன்னங்காலால் வாயைத் துடைத்துக்கொண்டன. ஆத்தியம்மை கண்டதைச் சொன்னாள், அவ்வளவே.

தவளைக்கு என்ன தெரியும் என்று, ஏரிநீரைச் சோதிக்கத் தாங்கள் அனுப்பிய மருத்துவர்கள் நகைத்தனராம். எம் மருத்துவர் ஆய்ந்து உரைத்ததை அவர்களுக்குப் படித்துக் காட்டுக. தவளையின் நாவில் கண்ணுக்கெட்டாச் சுவை உயிரணுக்கள் உள. அவற்றின் சுவரில் நுண்ணிய வாயில்கள் உள. நீரில் கரைந்த உப்பு, மின்னலின் குணம் ஏந்திய துகள்களாய்ப் பிரிந்து அவ்வாயில் வழியே உட்புகும். புகுந்ததும் உயிரணு கிளர்ந்தெழுந்து நரம்புக்கு உணர்த்த, நரம்பு மூளைக்கு உரைக்கும்.

தங்கள் மருத்துவர்கள் பருகிப் பார்த்து இனிது என்றதும் மெய்தான். ஆனால் படகில் வந்த ஐந்து நாளும் அவர்கள் உண்டது கருவாடும் உப்புக்கண்டமும். உப்பிலேயே ஊறிய நாவுக்கு எங்கள் ஏரியின் உப்பு எப்படி உறைக்கும்? எம் தவளைகள் கருவாடு தின்பதில்லை, மன்னரே.

அவர்கள் சொல்லை நம்பி மதகைத் திறந்தால் ஏழூர் நாற்றும் கருகும். எம் கரையை வெட்டியதும் அல்லாமல், உண்மை சொன்ன எம் பெண்ணின் உயிரையும் கேட்கிறீர். நெஞ்சு கொதிக்கிறது.

மறுத்தால் படை வரும் என்கிறீர். வரட்டும். எம் கிணறுகள் மதிலுக்குள் இருக்கின்றன. வெளியே உம் வீரருக்கும் யானைகளுக்கும் அந்த ஏரி ஒன்றே. தங்கள் மருத்துவர்கள் இனிதென்ற நீர்தானே, வயிறாரப் பருகட்டும்.

கால்வாயைத் தூர்க்க எம் ஆட்கள் இன்று காலையே மண்வெட்டியோடு புறப்பட்டனர். மதகு அடைத்தே இருக்கும். இது எம் ஆணை.

இவ்வோலைக்கு முத்திரையிட்டவள் நீலமாதேவி. உடன் நின்று சாட்சிக் கையெழுத்திட்டவள், தவளைக் கண்காணி ஆத்தியம்மை.