சிவப்பு போன விதம்

அன்புத் தங்கைக்கு,

நீ நிங்போ நகரத்துக்குப் போனபின், சாயநீரைத் தெளியவைக்க நீ கொண்டுவந்த கண்ணாடித் தொட்டி எங்கள் சாயப்பட்டறையின் கழிவுநீர்க் கொட்டகையிலேயே கிடந்தது. முதலாளி தூக்கிப் போடச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அதோடு நீ விட்டுப்போன கறுப்பு இரும்புத்தூள் என்னதான் செய்யும் என்று பார்க்க ஆசை.

செவ்வாய்க்கிழமை மதியம் சிவப்புச் சாயநீரை ஊற்றினேன். உன் நோட்டில் இருந்தபடி அமிலம் விட்டு, தூளைப் போட்டு, காற்றையும் மின்சாரத்தையும் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பானது. பிறகு வெறும் தண்ணீர். காந்தத்தை வைத்ததும் தூள் முழுவதும் பூனைமுடிபோல் அதன் பக்கம் ஒட்டிக்கொண்டது. அதையே அடுத்த தண்ணீரில் போட்டேன், மறுபடியும் வேலை செய்தது. தீரவே தீராதா அது?

கூட வேலை செய்யும் ரூயிலான் அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அன்னிக்கு உன் தங்கச்சி முதலாளிக்குச் செஞ்சு காட்டினப்ப மட்டும் ஏன்டி இது நடக்கல? அழுதுட்டே போனாளே."

"அமிலம் சேர்ந்து தண்ணி புளிச்சிருந்தா குழாய அரிக்கும்னு பத்து வருஷமா சுண்ணாம்பு போட்டுப் பழகின கை. அன்னிக்கும் ரெண்டு கரண்டி போட்டுட்டேன். புளிப்பு இருந்தாத்தான் இரும்பு வேலை செய்யும்னு அவ நோட்டுல இருக்கு."

"அவகிட்டச் சொன்னியா?"

நான் நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கத்தினார். பிறகு தொட்டியருகே வந்து தெளிந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தார். உன்னை மறுபடி வரச் சொல்கிறார்.

அன்று பேருந்து நிறுத்தத்தில், "நீ ஏதாவது போட்டியாக்கா?" என்று கேட்டாய். இல்லை என்று தலையாட்டினேன். வந்ததும் இன்னொரு தடவை கேள்.

உன் அக்கா