கார்டுக்குச் சோறு

இன்று காலை புதிய கார்டு வந்தது. உறையைக் கிழித்ததும் அதே பிளாஸ்டிக் வாசனை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பட்டால் அந்த இடத்தில் பச்சைப் புள்ளியாக ஒளிரும் சின்ன அட்டை. ஆனால் முதலில் அது வெளிச்சம் குடிக்க வேண்டும். டியூப்லைட்டுக்கு அடியில் வைத்தேன். “கார்டுக்குச் சோறு போட்டியா?” என்று தினமும் கேட்பாய்.

கும்மிடிப்பூண்டியில் நாம் சோதித்தவை நல்ல லேசர்கள். மின்னோட்டம் ஏற ஏறக் கதிர் சிதறாமல் ஒரே இழையாக நிற்க வேண்டும். சிதறினால் கழிவு. அத்தனை வலுவும் ஊசிமுனையில் சேர்வதுதான் தரம். சத்தமில்லை. நிறமில்லை.

அன்று சோறு போடும் முறை என்னுடையது. மறந்துவிட்டேன். இரவெல்லாம் இழுப்பறை இருட்டில் கிடந்த கார்டைக் கதிரின் பாதையில் நீட்டினாய். ஒளிரவில்லை. “தூங்குதுடி” என்றாய். லேசர் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாய்.

லேசர் எரிந்துகொண்டுதான் இருந்தது; கதிர் உன் வலது கண்ணுக்குள் போனது. வலிக்கவே இல்லை உனக்கு.

மதியச் சாப்பாட்டின்போது இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

“உன் மூஞ்சி காணோம்டி.”

“இருட்டா இருக்கா?”

“இல்ல. நீ ஒக்காந்துகினு கீற எடத்துல செவுரு தெரியுது. நேரா பாத்தா பூடுற. ஓரமா பாத்தா வந்துடுற. உன் மூஞ்சிக்கு இதுவே மேலு.”

சிரித்தாய். பிறகு, “யாராண்டயும் சொல்லாத, வேலை பூடும்” என்றாய். உடனே ஒப்புக்கொண்டேன். சொன்னால், அன்று யார் முறை என்று கேட்பார்கள்.

இரண்டு வாரம் இடது கண் உன்னைப் பார்த்துக்கொண்டது. பிறகு அதில் மெட்ராஸ் ஐ. கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஆரம்பாக்கத்தில் தண்டவாளம் கடந்தாய். பத்தடி பின்னால் நான். சரக்கு வண்டி ஒன்று அப்போதுதான் போயிருந்தது, இரைச்சல் அடங்கவில்லை. ரயில் வரும் திசையை நேராகப் பார்த்தாய். நிதானமாக. பார்த்துவிட்டுத்தான் இறங்கினாய். வந்துகொண்டிருந்த ரயிலின் இடத்தில் வெறும் தண்டவாளமும் அதற்கப்பால் நெல்வயலும் தெரிந்திருக்கும்.

நான் கத்தியது உனக்குக் கேட்டதா?

உன் வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லா பாத்துதானே எறங்குவா. எப்பிடிம்மா கண்ணுக்குத் தெரியாம பூடுச்சி?”

“தெரியலம்மா” என்றேன்.

அவர் கையை விடவில்லை. என் முகத்தையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் அந்தப் பார்வை கூடவே வருகிறது. அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும்.